எவுஸ்கரா வகுப்பை விட்டுவிடாதே

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பாஸ்க் மக்களின் மொழியான எவுஸ்கராவின் வகுப்பை விட்டுவிட்டு இன்னொரு ஸ்பானிஷ் பாடம் எடுக்கலாமா என்றாய். பில்பாவோவில் கடையிலும் மெட்ரோவிலும் ஸ்பானிஷே போதும், நீ தங்கியிருக்கும் வீட்டிலும் அதைத்தான் பேசுகிறார்கள், சரி. கிரெடிட் கணக்கும் புரிகிறது. ஆனாலும் விடாதே என்றுதான் சொல்வேன்.

நீ போயிருக்கும் இந்த மாதிரிப் படிப்புக்கு நம் பாய்சியில் பழைய வேர் உண்டு. நீ இப்போது இருக்கும் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலிருந்து ஆடு மேய்க்க ஐடஹோவுக்கு வந்த மக்கள் இங்கேயே குடும்பமானார்கள். 1974ல் பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாணவர் குழு அந்தப் பகுதியில் ஒன்யாத்தி என்ற சிற்றூருக்குப் போய்த் தங்கிப் படித்தது. அப்போது ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ உயிரோடு இருந்தார். பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் அவர் ஆட்சி ஒடுக்கிவைத்த மொழி எவுஸ்கரா. பின்னாளில் நம் ஊர் மேயரான டேவ் பீட்டரும் சிறுவயதில் குடும்பத்தோடு அங்கே இருந்தவர்தான். பாஸ்க் பேசும் மேயர் இந்த ஊருக்குக் கிடைத்ததில் அந்த ஆண்டுக்குப் பங்கு இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

ஒரு சனிக்கிழமை ஒன்யாத்திக்குப் போய்விட்டு வா. மேலே மலையில் அரான்ட்சாசு மடம் இருக்கிறது. வகுப்பில் நீ படிக்கும் பொது வடிவம், பாத்துவா என்கிறார்களே, அது 1968ல் அங்கே கூடிய கூட்டத்தில்தான் உருவெடுத்தது. மொழியறிஞர் கோல்டோ மிச்செலேனா முன்வைத்த வரைவை வைத்துப் பேசினார்கள். ஊருக்கு ஊர் வேறாகப் பேசிய மக்களுக்குப் பாடப்புத்தகமும் செய்தித்தாளும் ஒரே எழுத்துநடையில் வர அது வழி செய்தது. 1980ல் மொழிக்காக ஓடும் முதல் கொரிக்கா தொடர் ஓட்டம் கிளம்பியதும் அதே ஒன்யாத்தியிலிருந்துதான். இன்றும் இரவு பகலாகக் கைமாற்றிக் கைமாற்றி ஓடுகிறார்கள். அதில் திரளும் பணம் பெரியவர்கள் எவுஸ்கரா படிக்கும் பள்ளிகளுக்குப் போகிறது. ஐம்பது வயதில், வேலை முடிந்து வந்து, தாத்தா பாட்டியோடு விட்டுப்போன மொழியைப் படிக்கிறவர்கள் நீ இருக்கும் ஊரில் நிறைய. அவர்கள் நடுவில் இருந்துகொண்டு நீ எழுந்து போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இலக்கணம் கஷ்டம் என்கிறாய். கஷ்டம்தான். 'நான்' என்ற சொல்லே 'நான் வந்தேன்' என்றால் நி, 'நான் ரொட்டி வாங்கினேன்' என்றால் நிக். கொடுத்தவர், கொடுத்த பொருள், வாங்கியவர் மூன்றுக்கும் ஏற்பத் துணைவினை மாறுகிறது. அதை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் பெயரோடு உருபு ஒட்டுவதும், வினை பெரும்பாலும் கடைசியில் வருவதும் தமிழ் பேசி வளர்ந்த உனக்குப் புதிதா? உன் வகுப்பில் இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவர்கள் அங்கேதான் திணறுவார்கள்.

பில்பாவோவிலேயே இருந்தால் காதில் விழாது, அதுதான் உன் சிக்கல் என்று நினைக்கிறேன். ரயிலேறிக் கெர்னிகாவுக்கோ பெர்மியோவுக்கோ போ. லெகெய்த்தியோவுக்கு பஸ் இருக்கிறது. மீன்பிடித் துறைமுகத்து ஆட்கள் பேசுவது பாடப்புத்தகம் மாதிரி இருக்காது, முதலில் பாதி புரியாது. பரவாயில்லை, உட்கார்ந்து கேள். பெர்ச்சொலாரிகள் என்ற ஆசுகவிகள் பாடும் இடம் எங்கே என்று விசாரி. அங்கேயே தலைப்புக் கொடுப்பார்கள், நின்ற இடத்தில் யாப்பும் எதுகையும் பிசகாமல் கட்டிப் பாடுவார்கள். 2009ல் மயாலென் லுஹான்பியோ என்ற பெண் அதன் பெரும்போட்டியை வென்றார், பெண் ஒருவர் வென்றது அதுவே முதல்முறை. சொல் புரியாவிட்டாலும் கூட்டம் கடைசி வரியைச் சேர்ந்து பாடும்போது உனக்கு ஏதாவது பிடிபடும்.

கோடையில் பார்னெதெகி என்று தங்கிப் படிக்கும் வகுப்புகள் நடக்குமாம், அங்கே முழுநாளும் எவுஸ்கராதான். அதில் சேர ஆசையிருந்தால் எவ்வளவு ஆகும் என்று கேட்டுச் சொல். திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போட அப்பாவும் சம்மதித்துவிட்டார். அதற்கு முன்னால், வகுப்பை மாற்றும் படிவத்தை இந்த வாரம் கொடுக்காதே, ஞாயிற்றுக்கிழமை பேசுவோம்.

அன்புடன்,
அம்மா