கிருமி கொல்லும் பூச்சையும் துடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிருமி கொல்லும் பூச்சு பூசிய கைபிடியைத் துடைக்கத் தேவையில்லை என்று இருந்துவிடுவது ஆபத்து. இத்தகைய பூச்சுகளில் உள்ள பல்பகுதியங்கள் (பொலிமர் எனும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள்) பலவற்றில் நேரேற்றமுள்ள அமோனியம் கூட்டங்கள் உள்ளன. மறையேற்றமுள்ள பக்டீரியா மென்சவ்வை அவை ஈர்த்துச் சிதைக்கின்றன. ஆனால் கிருமி பூச்சைத் தொட்டால்தான் சாகும். புறக்கோட்டை பஸ் கம்பியில் வியர்வையும் தூசும் பிசுக்காகப் படிந்தால், கிருமி அந்தப் பிசுக்கின்மேல் பத்திரமாக இருக்கும். சாதாரண சவர்க்காரமும் மறையேற்றமுள்ளது. மிச்சம் ஒட்டிக்கொண்டால் பூச்சு முடங்கும். ஏற்றமற்ற (non-ionic) கழுவியால் துடைத்து, நல்ல தண்ணீரால் ஒற்றி எடுங்கள்.

வைத்தியசாலைக் கதவுகளுக்குச் செம்பே மேல். முறையாகச் சுத்தம் செய்தால் 2 மணி நேரத்தில் 99.9% பக்டீரியாவைக் கொல்லும் என்ற கூற்றுடன், 2008இல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் செம்புக் கலப்புலோகங்களைப் பதிவு செய்தது. கறுத்தாலும் கொல்லும். பளபளப்புக்காக வார்னிஷ் மட்டும் அடித்துவிடாதீர்கள்.

பொருள் விஞ்ஞான விரிவுரையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06