அக்கறை இல்லையெண்டு எழுதினதுக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்கட பேப்பரில நடுப்பக்கத்துல ஒரு கட்டுரை வந்தது. அதில "கிழக்கு வாக்காளருக்குக் காலநிலை மாற்றம் ஒரு பொருட்டே இல்லை" எண்டு ஒரு வரி. மற்றதெல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கார், ஆனா அந்த வரியை வாசிச்ச நேரத்துல இருந்து எனக்கு மனசு சரியில்ல, 20 வருசமா உங்கட பேப்பரை வாங்கிற ஆள் எண்ட உரிமையில எழுதுறன், கோவிச்சுக்கொள்ளாதீங்க.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேக்குப் பக்கம், படுவான்கரையில நெல் வெள்ளாமை செய்யிற ஆள். எங்கட ஊர்ல வயசானவங்களிட்ட வயசு கேட்டா, 57 வெள்ளத்துக்கு முன்னப் பிறந்தன், 78 சூறாவளி வரக்குள்ள கையில ஒரு புள்ள எண்டுதான் கணக்குச் சொல்லுவாங்க. மழையையும் காத்தையும் வச்சு வயசு எண்ணுற சனத்துக்கு அக்கறை இல்லையெண்டு எழுத எப்படி ஐயா மனசு வந்தது?

வோட்டுப் போடக்குள்ள அதை நினைக்கிறமா எண்டா, இல்லதான். மறைக்கல்ல. 2014 டிசம்பர் வெள்ளத்துல வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி, கோயில் மடத்துல கிடந்திட்டு 2015 ஜனவரி 8ஆம் தேதி ஜனாதிபதித் தேர்தலுக்குப் போய் வோட்டுப் போட்டம். சேத்துக்கறை போகாத சாரத்தோடதான் லைன்ல நிண்டன். ஆனா வெள்ளத்தை நினைச்சுப் போடல்ல. ராத்திரியில பயமில்லாமப் படுக்கோணும், யுத்த நேரம் பிடிச்ச காணியை விடோணும், காணாமப் போன புள்ளைகளுக்கு ஒரு பதில் வரோணும் எண்டுதான் போட்டன். என்ட மச்சாளுக்கு இண்டைக்கும் அந்தப் பதில் வரல்ல. அவவிட்ட போய்க் காபன் கணக்குக் கதைக்க எனக்கு வாய் வராது, உங்களுக்கு வருமா?

மறுகா 2021. அந்த மே மாசம் இரசாயன உரத்தை ஒரேயடியா நிப்பாட்டினாங்க. மண்ணுக்கு நல்லது, சூழலுக்கு நல்லது எண்டு ரீவியில சொன்னாங்க. நவம்பர்ல தடையை எடுத்தாங்கதான், ஆனா அதுக்குள்ள விதைச்சு முடிஞ்சுது, கடையில உரம் விக்கிற விலைக்கு எங்களால வாங்கவும் ஏலாது. குடலைப் பருவத்துலயே பயிர் மஞ்சளா நிண்டது. கதிர் வந்த பிறகு ஒண்டை உருவி உள்ளங்கையில வச்சு நசிச்சுப் பாத்தன், பத்து நெல்லில ஆறு சப்பி, ஊதினாப் பறக்குது. ஏக்கருக்கு 30 மூடை எடுத்த வயல்ல 11 மூடை. மனிசி குழுக்கடன் எடுத்திருந்தா, கிழமைக்குக் கிழமை காசு வாங்க வாற பொடியன் வாசல்ல வந்து நிப்பான், அவன்ட மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டா அவ குசினிக்குள்ள போயிடுவா, கடைசியில அவட காதுத் தோட்டைக் கழட்டித்தான் கட்டினம். அண்டையில இருந்து சூழல் எண்டு மேடையில ஆரும் வாய் திறந்தாலே எங்கட சனம் எழும்பிப் போயிடும். சூடு கண்ட பூனை ஐயா, அதை அக்கறை இல்லையெண்டு எழுதலாமா?

உங்கட கட்டுரைக்காரர் கடன், நெல் விலை, யானை, மயிலத்தமடு மேய்ச்சல் தரை எல்லாத்தையும் ஒரு பக்கம் வச்சு, காலநிலையை மத்தப் பக்கம் வச்சு, அது தோத்துப் போச்சு எண்டு எழுதியிருக்கார். எங்களுக்கு அது வேற இது வேற இல்ல. மழை பிந்தினா விதைப்புப் பிந்தும், பிந்தின பயிர் பூக்கிற நேரம் வெள்ளம் வந்து மூடும், விளைச்சல் போனாக் கடன் ஏறும், அந்தக் கடனைப் பத்தித்தான் வோட்டுக் கேக்க வாறவரிட்ட கேப்பம். நாங்க கடன் எண்டு சொல்றதுக்குள்ளதான் மழையும் கிடக்கு.

சரி, இதுக்காகவே போடுவம் எண்டாலும் ஆருக்குப் போடுற? கிழக்கு மாகாண சபை 2017 செப்டம்பரோட முடிஞ்சது, விவசாயம் அந்தச் சபையிட வேலை, அந்தத் தேர்தலையே இன்னும் வைக்கல்ல. 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலுக்கு எங்கட ஊருக்கு வந்த ஒருத்தரும் முகத்துவாரத்தைப் பத்தி, அதான் வெள்ளம் வடிய வாவிக்கும் கடலுக்கும் இடையில வெட்டி விடுற மணல்திட்டைப் பத்தி, ஒரு சொல் கதைக்கல்ல, ரெண்டு கிழமை போகல்ல, வெள்ளம். காரைதீவுப் பக்கம் மத்ரசாப் புள்ளைகள் வந்த உழவு மெசினைத் தண்ணி இழுத்திட்டுப் போனதும் அந்தக் கிழமைதான். அதை நினைச்சா இப்பவும் நெஞ்சு பதறுது. அந்தக் கிழமை உங்கட பேப்பரில பக்கம் பக்கமாப் படம். தண்ணி வத்தின பிறகு, முகத்துவாரத்தை எப்ப வெட்டுற, ஆர் முடிவெடுக்கிற, அதுக்காக வெள்ளாமைக்காரனும் மீன்பிடிக்கிறவனும் ஏன் மாறி மாறிச் சண்டை பிடிக்கிறாங்க எண்டு ஒரு வரி வரல்ல. இதைப் பத்தி நானே ரெண்டு கடிதம் போட்டன். ரெண்டும் வரல்ல.

நான் கேக்கிறது பெரிசில்ல. உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் குளங்கள்ட நீர்மட்டத்தைக் கிழமைக்கு ஒருக்கா, நெல் விலை போடுற இடத்துக்குக் கீழ போடுங்க. வேட்பாளரைப் பேட்டி எடுக்கக்குள்ள, வெள்ளம் வந்தா முகத்துவாரத்தை எப்ப வெட்டுவீங்க எண்டு ஒரு கேள்வி கேளுங்க. என்ன சொல்றாரோ அதை அப்படியே போடுங்க, நாங்க வெட்டி வச்சுக்கொள்ளுவம்.

இப்படிக்கு,
வெள்ளாமைக்காரன் ஒருத்தன்,
வெல்லாவெளி, மட்டக்களப்பு.