"சார்ஜ் போட இடம் இருக்கா சார்?"

மன்னார்குடி
வெள்ளிக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் அம்மாவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை. மாப்பிள்ளையையும் பேரப் பயலையும் கேட்டதாகச் சொல். இன்று நூலகத்துக்கு விடுமுறை. நூலகர் வேலையில் ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும் எனக்கு வெள்ளிதான் ஞாயிறு. அதனால் சாவகாசமாக உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். தபாலில் போட்டால் உனக்கு வந்து சேர்வதற்குள் என்ன எழுதினேன் என்று எனக்கே மறந்துவிடும்.

போன வாரம் வீடியோ காலில் காட்டினாயே, உங்கள் சிங்கப்பூர் அங் மோ கியோ நூலகம், அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பயல் ஒரு படக்கதைப் புத்தகத்தை உருவினான். நீ அதன் பார்கோடில் போனைக் காட்டினாய். டிங் என்றது. பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டீர்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "பாத்தீங்களாப்பா, உங்க வேலையை இப்ப போனே பாத்துக்குது" என்றாய். கேலிக்குச் சொன்னாய், தெரியும். ஆனாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை.

போன் எடுத்துக்கொண்டது என் வேலையில் எந்தப் பங்கு என்று யோசித்தேன். பதிவேட்டில் எண் எழுதுவது, தேதிச் சீட்டில் முத்திரை குத்துவது, வரிசையில் நிற்கிறவரை "கொஞ்சம் இருங்க" என்பது. இதெல்லாம் போனதில் எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது. நம் நாட்டு நூலகவியலின் தந்தை ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கு எழுதிய ஐந்து விதிகளில் நான்காவதே வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பதுதான். சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார். இருந்திருந்தால் உன் டிங் சத்தத்துக்கு அவர்தான் முதலில் சந்தோஷப்பட்டிருப்பார்.

சரி, அதே போன் இங்கே என் நூலகத்தை என்ன செய்தது என்பதை உனக்கு முழுதாகச் சொன்னதே இல்லை. அதில் நான் தலைகுனிந்த இடம் ஒன்று இருக்கிறது, அதனால்தான்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது நினைவிருக்கிறதா? இலவசமாக நெட் கொடுத்தார்கள். அதற்கடுத்த வருடத்துக்குள் மாத நாவல் எடுக்க வருகிற பெண்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். "புதுசு வந்துருக்கா சார்" என்று கேட்டுக்கொண்டே கூடையை மேசையில் வைப்பார்களே, அவர்கள்தான். காலை எட்டு மணிக்கு நாளிதழ் மேசையைச் சுற்றி உட்காரும் பெரியவர்கள் கூட்டமும் மெலிந்தது. ஒரே பேப்பரை நான்காகப் பிரித்து, நடுப்பக்கத்துக்குச் சண்டை போட்டு, பிறகு அதே செய்திக்காக அரசியல் பேசி இன்னொரு சண்டை போடுவார்கள். இப்போது அவரவர் போனில் அவரவருக்குப் பிடித்த செய்தி மட்டும் வருகிறது. சண்டை போட ஆள் இல்லை. எனக்கு உண்மையிலேயே இழப்பாகத் தெரிவது இந்த மேசைதான்.

எனக்குப் போன் மேல் கோபம் வந்தது. "கைப்பேசியை அணைத்துவிட்டு உள்ளே வரவும்" என்று பலகை எழுதி வாசலில் மாட்டினேன். சிவப்பு பெயின்ட், என் கையெழுத்துதான்.

2017 கடைசி. கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) தேர்வையும் குரூப் 4 அரசு வேலைத் தேர்வுடன் சேர்த்து அறிவித்திருந்தார்கள். 9,351 இடம், இருபது லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பம். ஊரே படித்துக்கொண்டிருந்தது. அடைமழை நாள் ஒன்றில், வடுவூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண், நூலகத்தில் இருந்த ஒரே பிளக் பாயின்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த எமர்ஜென்சி விளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் போனை மாட்டியிருந்தாள். கரண்ட் போனபோதுதான் விளக்கு எரியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். "படம் பாக்குறதுன்னா வீட்ல போய்ப் பாரும்மா. இது நூலகம்" என்றேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. போனைத் திருப்பிக் காட்டினாள். பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் பாடநூல், பிடிஎப். பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு, பாதிக்கு மேல் குறிப்பு எழுதி நிரப்பியிருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எல்லாப் புத்தகமும் அந்த உடைந்த கண்ணாடி போனுக்குள் இருந்தது. பிரின்ட் எடுத்தால் பக்கத்துக்கு ஒரு ரூபாய் கேட்கிறார்கள், அவ்வளவுக்கு எங்கே போவாள். என் அலமாரியில் அதே பாடநூல்கள் இருந்தன, பழைய பாடத்திட்டம், அதிலும் மூன்று பக்கம் கிழிந்தது.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பத்து நாள் கழித்து வந்தாள். "பஸ் பாஸ் முடிஞ்சிடுச்சு சார்" என்றாள். அது பொய் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தப் பத்து நாளும் எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான். வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கும், பார்த்திருக்கிறாயா? 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் கொடை அது. இப்போது வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. அவள் அப்பாவும் அதைக் கட்டியிருப்பார். தன் அப்பா காசு கட்டிய இடத்தில் உட்கார வந்தவளைத்தான் நான் துரத்தியிருக்கிறேன். புத்தகம் அவள் கையிலேயே இருந்தது. அவளிடம் இல்லாதது ஒரு மேசை, டிவி சத்தம் இல்லாத நாலு மணி நேரம், ஒரு பிளக் பாயின்ட். அப்புறம் என்ன, பலகையைக் கழற்றினேன். "பேசுவதானால் வெளியே" என்று மட்டும் ஒரு அட்டையில் எழுதி ஒட்டினேன்.

பிளக் பாயின்ட் கேட்டு மேலே எழுதினேன். நினைவூட்டலும் எழுதினேன். கடைசியில் வாசகர் வட்டத்தில் நாலு பேர் காசு போட்டு, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இரண்டு பாக்ஸ் வைத்தோம். அந்தப் பெண் தேர்வில் தேறினாளா என்று தெரியாது. தேர்வுக்குப் பிறகு அவள் வரவில்லை. அவர்கள் யாருமே தேர்வுக்குப் பிறகு வருவதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு, மறைக்க மாட்டேன். ஒருத்தராவது ஒரு கதைப் புத்தகத்தை எடுத்துப் புரட்ட மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

உன் அம்மா விஷயம் கேள். நான் வேலை பார்த்த காலம் முழுக்க அவள் என் நூலகத்துப் படி ஏறியதே இல்லை. "அடுப்பை யார் பாக்குறது" என்பாள். இப்போது போனில் பிரதிலிபி என்ற கதை ஆப்பில் தொடர்கதை படிக்கிறாள். ராத்திரி பதினொரு மணிக்கு "அடுத்த பாகம் இன்னும் போடல" என்று என்னை எழுப்பிச் சொல்கிறாள். வீட்டிலேயே இருந்த ஒரு வாசகியை இத்தனை வருடம் எனக்குத் தெரியவில்லை, பார். மாத நாவலுக்கு வந்துகொண்டிருந்த பெண்களும் இப்படித்தான் எங்கேயோ படித்துக்கொண்டிருப்பார்கள் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

என் கதையும் அதுதான். நம் தாத்தா வாயால் மட்டுமே கேட்ட ஒரு தலபுராணத்தைத் தஞ்சாவூர், கும்பகோணம் என்று தேடி அலைந்தேனே, அது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் கிடந்தது. போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதிய குறிப்புகூடத் தெரிகிறது. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் என்று சிலர் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் போட ஆரம்பித்தபோது, இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று நான் சொன்னது நினைவிருக்கிறது. என் வாய்.

இப்போது நான் நூலக நண்பர்கள் திட்டத்தில் சேர்ந்திருக்கிறேன். நூலகத்துக்கு வர முடியாதவர்கள் வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பது. என் எக்ஸ்எல் மொபெட்டின் முன்னால் பையை வைத்துக்கொண்டு வாரத்துக்கு இரண்டு நாள். பக்கத்து மேலவாசலில் 1931இல் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார் என்று நீ நாலாவது படிக்கும்போது சொல்லியிருக்கிறேன். மொபைல் லைப்ரரி என்றால் எனக்கு இன்னமும் அந்த வண்டிதான் ஞாபகம் வரும். நேற்று போன வீட்டில் எழுபத்தெட்டு வயது அம்மா, கண்புரை அறுவை செய்தவர். "போன்ல பேத்தி கதை போட்டுக் குடுத்துச்சு தம்பி. கேட்டுட்டே தூங்கிடுறேன், எங்க விட்டேன்னு தெரியல. புஸ்தகம்னா பக்கத்த மடிச்சு வச்சுக்கலாம்" என்றார். பக்கத்தை மடிக்காதீர்கள் என்று முப்பது வருடம் சொன்னவன், பேசாமல் கொடுத்துவிட்டு வந்தேன்.

பொங்கலுக்கு வரும்போது நூலகத்துக்கு ஏதாவது வாங்கித் தருகிறேன் என்றாயே. புத்தகம் வேண்டாம், ஓரளவு வருகிறது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் இருபது இருபத்தைந்து பிள்ளைகள் இருக்கிறார்கள், பிளக் மாட்டும் துளைகள் மொத்தம் ஆறுதான். நுழையும்போதே "சார்ஜ் போட இடம் இருக்கா சார்?" என்றுதான் கேட்கிறார்கள். புது நூலகரும் பாவம், என்னைப் பார்க்கிறார். நல்லதாக நாலு ஜங்ஷன் பாக்ஸ் வேண்டும். அதை அங்கிருந்து தூக்கி வராதே. உங்கள் ஊர் பிளக்குக்குச் சதுரக் கால், நமக்கு உருண்டைக் கால், ஒன்றுக்கும் ஆகாது. உங்கள் ஊர் பேநவ்விலிருந்து நம் யுபிஐக்குப் போனிலேயே பணம் வருகிறதாமே, மாப்பிள்ளையிடம் கேட்டு அனுப்பு. இங்கே கடைத்தெருவில் ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து நானே வாங்கிக்கொள்கிறேன்.

அம்மாவுக்குக் கோடாலித் தைலம் மறந்துவிடாதே. பெரிய பாட்டில்.

அன்புடன்,
அப்பா