கேழ்வரகுக்கு எத்தனை பெயர்

கண்ணு,

ஐந்தாம் வகுப்பில் 34 பேர், அதில் ஒன்பது பிள்ளைகள் ஒடிசாவும் பீகாரும், பெற்றோர் கூட்டத்துக்கு அந்த வீடுகளிலிருந்து ஒருத்தரும் வரவில்லை, அக்கறையே இல்லை என்று எழுதியிருந்தாய். கூட்டம் வைத்த நேரத்தைச் சொல்லவில்லையே. வெள்ளிக்கிழமை மூன்று மணியாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் கம்பெனிக்காரர் இரண்டு மணிக்குத் தொடங்கும் ஷிப்டில் இருப்பார். செங்கல் சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. ஒருத்தர் எழுந்து வந்தால் ஜோடியாக அறுக்கிறவருக்கும் சேர்த்துப் போச்சு. எந்த வீட்டுக்கு என்ன வேலை, கை ஓய்கிற நேரம் எது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அப்புறம் நாள் வை. சூளைக்கு நீயே போவதானால் ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் செலவுக் காசு வாங்கிச் சந்தைக்குக் கிளம்புமுன் போ.

தகவல் சொல்வதில்தான் பாதி கெடுகிறது. 'நாளை கூட்டம்' என்று எழுதாதே. இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல், 'கல்'. சொல்கிற ஆள் தடுமாறினால் கதை முடிந்தது. தேதியை எண்ணில் போடு. மணி, எதற்காக, அவ்வளவு போதும். தாளைவிட வாட்ஸ்அப் குரல் பதிவு நல்லது. அவர்கள் மொழி தெரிந்த இன்னொரு பெற்றோரைப் பேசச் சொல். மேஸ்திரியை மட்டும் நடுவில் வைக்காதே. முன்பணம் கொடுத்தவர் எதிரில் நின்றால் அந்தத் தாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பதும் வேண்டாம். தன்மேல் உள்ள புகாரைத் தானே அம்மாவிடம் எப்படிச் சொல்லும்? ஏழாம் வகுப்பு அக்காவைக் கூப்பிட்டால் அவளுக்கு ஒரு பீரியடு போகும், பிறகு அதுவே வழக்கமாகிவிடும்.

ஸ்டாஃப் ரூமில் எல்லோரையும் சேர்த்து 'இந்திக்காரப் பசங்க' என்பார்கள். பீகார் வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ மகஹியோ இருக்கும். ஜார்க்கண்ட் பிள்ளை சந்தாலி பேசலாம், அது வேறு குடும்பத்து மொழி. 'வீட்டில் அம்மா எந்த மொழியில் திட்டுவாங்க?' என்று கேட்டுப் பார், சரியான பதில் வரும்.

இது தெரிந்தால் நீ பிழை திருத்துகிற விதமே மாறும். இந்தியில் க வரிசைக்கு நான்கு எழுத்து. நாமோ ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு 'கடை'யில் ஒரு ஓசை, 'தங்க'த்தில் ஒரு ஓசை, 'பக'லில் இன்னொன்று சொல்கிறோம். எந்த ஓசை என்று பிள்ளை விழிப்பது மந்தம் என்று நினைத்துவிடாதே. இடத்தைக் காட்டு: சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லோசை, மெல்லினத்துக்குப் பின் மெலிந்த ஓசை, இரண்டு உயிருக்கு நடுவே இன்னும் தளர்ந்தது. அடுத்தது எ-ஏ, ஒ-ஓ. இந்தியிலும் ஒடியாவிலும் இந்தக் குறில் நெடில் பிரிவு இல்லை. எடு-ஏடு, கொடு-கோடு என்று இணை இணையாக, குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு தட்டு, தினம் ஐந்து நிமிடம். ஒடியாப் பிள்ளைக்கு ள வரும், அவர்கள் மொழியில் உண்டு. இந்திப் பிள்ளை திணறும். ழ யாருக்கும் வராது, நம் ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான்.

ஒடியாப் பிள்ளை 'வண்டி'யைப் 'பண்டி' என்றால் வகுப்பு சிரிக்கும். அங்கே வ பெரும்பாலும் 'கம்பு'வில் கேட்கிற மெலிந்த ப ஆகிவிடும். பக்கத்தில் இருக்கிற தெலுங்கு வீட்டிலும் கன்னட வீட்டிலும் வண்டிக்குப் பெயரே அதே மெலிந்த ஓசையில் 'பண்டி'தானே? அதைக் கரும்பலகையில் எழுது, சிரிப்பு தானாக அடங்கும்.

கணக்கிலும் ஒரு இடறல் உண்டு. ஒடியா எழுத்தில் நான்கு நம் 8 போலவே தெரியும். 2+2=8 என்று கண்டால் சுழிக்குமுன் வாயால் சொல்லச் சொல்.

பெற்றோரைப் புகார் சொல்ல மட்டும் கூப்பிட்டால் பள்ளிக்கூடம் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஆகிவிடும். அவர்களுக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்கக் கூப்பிடு. ஆளுக்கொரு உடை மாட்டி ஆடவிடுகிற கலை விழாவில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு நாள் வேடிக்கை, மறுநாள் பழைய கதை. கேழ்வரகில் தொடங்கு. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் களி தெரியாத வீடு ஏது? கன்னட வீட்டில் அது ராகி முத்தெ. ஒடிசாவில் கேழ்வரகு மாண்டியா, கூழ் மாண்டியா ஜாவு. பீகாரில் மடுவா. மூன்று அம்மாக்களை அழை: ஒருத்தர் உள்ளூர், ஒருத்தர் ஒடிசா, ஒருத்தர் தெலுங்கோ கன்னடமோ. வெளியூர்க்காரரைத் தனியே நிறுத்திவிடாதே, காட்சிப்பொருளாகிவிடுவார். ஆளுக்கு ஐந்து நிமிடம்: பெயர் என்ன, எப்படிக் கிண்டுவது, எதோடு சாப்பிடுவது. மீதி 25 நிமிடம் பிள்ளைகளுடையது. சொற்களை மூன்று பத்தியில் எழுதட்டும். களிக்கு மாவு ஒரு பங்கு, தண்ணீர் இரண்டுக்குக் கொஞ்சம் மேல்; கூழுக்கு ஐந்தாறு பங்கு. விகிதக் கணக்கு அங்கேயே கிடைத்துவிடும். தமிழ்ப் பிள்ளைகளும் எழுத வேண்டும், மதிப்பெண் உண்டு என்று முன்னாலேயே சொல், இல்லாவிட்டால் அவர்களுக்கு அது சும்மா பீரியடு. அடுத்த மாதம் கன்னடம் எடு: பால்-ஹாலு, பல்-ஹல்லு, புலி-ஹுலி, பத்து-ஹத்து. நான்கு சொல் எழுதினால் விதியைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சேர்க்கைக்கு 2009 கல்வி உரிமைச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொள். மாற்றுச் சான்றிதழ் வரவில்லை, வயதுச் சான்று இல்லை, ஆண்டின் நடுவில் வந்தார்கள் என்று எவரையும் திருப்பி அனுப்ப முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டதைப் பிடிக்கத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். பெயரை ஆதாரில் உள்ளபடியே எடு. நம் வழக்கத்துக்கு இனிஷியல் தேடி, பெயரின் பின்னால் வரும் 'குமாரி'யை அப்பா பெயராக்கினால், பள்ளி மாணவர் கணினிப் பதிவான எமிஸில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று ஆகி, பிள்ளை ஊர் திரும்பும்போதுதான் அது வெடிக்கும். சாதிச் சான்றை நம்பி உதவித்தொகை வாக்கு கொடுத்துவிடாதே. அந்த மாநிலத்துப் பட்டியல் சான்று இங்கே சலுகைக்குச் செல்லாது.

மேற்கு ஒடிசாக்காரர்கள் விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் நுவாக்காய் என்ற புத்தரிசித் திருநாளைக் கொண்டாடி, அறுவடை வேலையும் முடிந்த பிறகுதான் சூளைக்குக் கிளம்புவார்கள். மழைக்கு முன் மே, ஜூனில் திரும்பிவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு உன் வருஷம் ஜூனில் தொடங்காது. முதல் பருவப் பாடத்தில் அவசியமானதை மட்டும் பொறுக்கித் தனியாக வைத்துக்கொள். தீபாவளிக்கு ஆறாம் நாள் பீகார்ப் பிள்ளைகள் வராவிட்டால் சட் பூஜை என்று வருகைப் பதிவின் ஓரத்தில் குறித்து வை.

அப்பா செவ்வாய்க்கிழமை ஓசூர் வருகிறார். இரண்டு படி கேழ்வரகு கொடுத்தனுப்புகிறேன். ஒன்று வகுப்புக்கு, ஒன்று உனக்கு.

அம்மா
தருமபுரி