நவம்பர் 20-க்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள கோத்தகிரி மக்களுக்கு வணக்கம்.

நவம்பர் 20 அன்று எங்கள் பள்ளியில், கொல்லப்பட்ட திருநரை நினைவுகூரும் திருநர் நினைவு நாள் கடைப்பிடித்தோம். யோசனை மட்டும்தான் பிளஸ் டூ மாணவர்கள் ஏழு பேருடையது. அந்த மழையிலும் நடத்திக்கொடுத்தது நீங்கள்.

முதல் நன்றி எங்கள் தலைமையாசிரியைக்கு. “பிள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு டீச்சர்?” என்று சில பெற்றோர் வந்தார்கள். அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் திருநர் பிள்ளைகளிடம் பாகுபாடு காட்டக்கூடாது என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதைப் பொறுமையாகச் சொன்னார். “நம்ம ஸ்கூல்லயும் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம்ல?” என்றார். கேள்வி கேட்டவர்களில் ஒரு அம்மா கூட்டத்துக்கே வந்தார்.

ஜெராக்ஸ் கடை அண்ணாவை மறக்கவே முடியாது. ரீட்டா ஹெஸ்டரைப் பற்றி நோட்டீஸ் எழுதியிருந்தோம். 1998 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கொல்லப்பட்ட கறுப்பினத் திருநங்கை அவர். இறந்த பிறகும் சில பத்திரிகைகள் அவரை ஆணாகவே எழுதின. அடுத்த ஆண்டு அவர் நினைவாகத் தொடங்கியதுதான் இந்த நாள். பாதி நோட்டீஸ் வந்ததும் அண்ணா மெஷினை நிறுத்தினார். “கடைசி வரியில ‘அவன்’னு விழுந்திருக்கும்மா.” டைப் அடித்தது நான். திருத்தி, எல்லாவற்றையும் புதிதாக எடுத்துத் தந்தார். காசு வாங்கவில்லை.

மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட, மேட்டுப்பாளையத்திலிருந்து கூட்டத்துக்கு வந்த அக்கா நடுவழியில் மாட்டிக்கொண்டார். போய் அழைத்துவந்த ஜீப் அண்ணாவுக்கும், நனைந்த புடவையை மாற்றிக்கொள்ள வீட்டைத் திறந்துவிட்ட ஆயாவுக்கும், டீயும் வர்க்கியும் கொடுத்தனுப்பிய பேக்கரிக்காரருக்கும் நன்றி.

அக்கா, உங்களுக்கு என்ன சொல்ல? மெழுகுவத்தி ஏற்றிப் பெயர்களை வாசித்து முடித்ததும் நீங்கள் கேட்டீர்கள்: “செத்தவங்க பேரை அழகா வாசிச்சீங்க கண்ணு. உங்க வகுப்புல பாதியில நின்னுபோன பிள்ளை யாராவது உண்டா?”

உண்டு. ஒன்பதாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்திருந்தாள். நடையைச் சொல்லிக் கேலி செய்தார்கள். நான் சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. பொங்கல் லீவு முடிந்து அவள் வரவில்லை. ஏன் என்று நாங்கள் யாரும் வீடு தேடிப் போய்க் கேட்கவில்லை. இதை அன்று எல்லார் முன்னாலும் சொன்னேன். நீங்கள் திட்டவில்லை, பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டீர்கள்.

கணக்கு டீச்சருக்கும் நன்றி. தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம், சனிக்கிழமைகளில் தானே சொல்லித்தருகிறேன் என்று அப்போதே எழுந்து சொன்னார்.

ஏப்ரல் 15 தமிழ்நாட்டில் திருநங்கையர் நாள். தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை திருநருக்கு உண்டு என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே தேதியில்தான். அன்றும் கூடுகிறோம்.

மூன்றாவது பெஞ்சுத் தோழிக்கு: இந்த மடல் உன் கண்ணில் பட்டால், பள்ளியில் எழுதியிருந்த பழைய பெயரை இங்கே வேண்டுமென்றேதான் போடவில்லை. நீ வைத்துக்கொண்ட பெயர் எங்களுக்குத் தெரியாது. வந்து சொல்.

நன்றியுடன்,
பிளஸ் டூ மாணவர்கள் ஏழு பேர் சார்பில்
ஒரு மாணவி, கோத்தகிரி