கத்திரி வெயிலில் ஆட்டம் வைக்காதீர்கள்

கடலூரில் கால்பந்துப் போட்டி நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் பந்தலில் இருந்தீர்கள், நான் கோட்டுக்கு வெளியே பசங்களோடு நின்றேன்.

இரண்டாவது பாதியில் எங்கள் பையன், பதினைந்து வயது, என்னிடம் வந்து “அண்ணா, நாம எந்தப் பக்கம் கோல் அடிக்கணும்?” என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்தேன். கண்ணைப் பார்த்ததும்தான் பயம் வந்தது. அப்படியே மடிந்து விழுந்தான். உடம்பு அனலாய்க் கொதித்தது. இரண்டு அணிக்கும் சேர்த்து ஒரே தண்ணீர் கேன், அதுவும் வெயிலில் நின்று சூடாகியிருந்தது. ரோட்டில் போன மீன் வண்டியை மறித்து, செதில் ஒட்டிய ஐஸை அள்ளி, ஜெர்ஸியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தோம். 108 வரும்வரை அதுதான் வைத்தியம். பிழைத்துக்கொண்டான். விழுந்தது மட்டும் இன்னும் நினைவில்லை என்கிறான்.

“வெயிலில் ஆடினால்தான் உரம் ஏறும்” என்று உங்களில் ஒருவர் சொன்னார். ஐயா, உடம்பு வெயிலுக்குப் பழகவே ஒன்றிரண்டு வாரம் ஆகும். இவர்கள் பரீட்சை முடித்து நேராக வந்தவர்கள். அதிலும் நம்ம ஊர்க் கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை ஊற்றுமே தவிர காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? வெயில், ஈரம், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கும் கணக்கில் 32 டிகிரியைத் தாண்டினால், நடுவில் ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறது ஃபிஃபா. 2014 உலகக் கோப்பையில் நெதர்லாந்து - மெக்சிகோ ஆட்டத்தையே அப்படி நிறுத்தினார்கள். கத்தார் வெயிலுக்காக 2022 உலகக் கோப்பையை நவம்பருக்குத் தள்ளினார்கள். நம் ஆட்டத்தை மாலைக்குத் தள்ளக் கூடாதா?

நான் கேட்பது இதுதான்: மே மாதத்தில் காலை 11 முதல் மாலை 4 வரை ஆட்டம் வேண்டாம்.

பேனருக்குப் பணம் இருக்கிறது, ஆளுயரக் கோப்பைக்கு இருக்கிறது, நாலு பார் ஐஸுக்கு இல்லையா? மைதானத்தில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. குழாயில் தண்ணீர் வந்து எத்தனை மாதம் ஆயிற்று? கோபத்தில் கொட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போட்டி நின்றுவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இந்தப் பசங்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை கிடைப்பது இது ஒன்றுதான்.

வரும் ஞாயிறு அரையிறுதியை மதியம் 2 மணிக்குப் போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நாலரைக்கு மாற்றி, சனிக்கிழமைக்குள் எல்லா அணிக்கும் சொல்லிவிடுங்கள். ஐஸும், ஆள் உட்காருகிற அளவு பெரிய தொட்டியும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
பசங்களுக்குப் பந்து சொல்லித் தரும் ஒருவன்