ஷட்டர் இல்லைன்னு நிக்கான் இசட்8-ஐ ஒதுக்காதீங்கண்ணா: நம்ம போட்டோகிராஃபர் சங்கத்து நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அண்ணா, செயலாளர் அண்ணா, பொருளாளர் அண்ணா, கமிட்டியில இருக்குற எல்லாருக்கும் வணக்கம்.

சங்க நிதியில பொதுவா ரெண்டு கேமரா பாடி (லென்ஸ் இல்லாம கேமரா மட்டும்) வாங்கி வைக்கலாம், யாரோட கேமரா சர்வீஸுக்கு போனாலும் முகூர்த்த நாள்ல கைய பிசைஞ்சிட்டு நிக்க வேணாம்னு போன கூட்டத்துல முடிவு பண்ணீங்கல்ல, அதுக்கு மொதல்ல மனசார நன்றிங்கண்ணா. ஒரு வைகாசி மாசம் முகூர்த்தத்துக்கு மூணு நாள் இருக்கும்போது என்னோட மெயின் பாடியில ஷட்டர், அதான் வெளிச்சத்துக்கு தொறந்து மூடுற திரை, போயிடுச்சு, பார்ட்ஸ் வரணும் ரெண்டு வாரம் ஆகும்னுட்டாங்க, நான் அம்மாப்பேட்டையிலருந்து சூரமங்கலம் வரைக்கும் தெரிஞ்ச ஸ்டூடியோ ஒவ்வொன்னா ஏறி இறங்கி கடைசியில ஒருத்தர் கால்ல விழாத குறையா ஒரு பாடி வாங்கிட்டு போனேன். அந்த நெலம யாருக்கும் வரக்கூடாது. அதனால தான் இந்த வெசயத்துல இவ்ளோ பேசுறேன்.

ரெண்டுமே கேனன் ஆர்5 மார்க் 2 தான், நிக்கான் இசட்8 வேணாம்னு கிட்டத்தட்ட முடிவாகிடுச்சாம். ஆர்5 மார்க் 2 மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல, நானே கேனன் ஆளு தான். ஆனா இசட்8-ஐ தள்ளுனதுக்கு கூட்டத்துல சொன்ன காரணம் "அதுல ஷட்டரே இல்லம்மா, ஷட்டர் இல்லாத கேமராவ வச்சு எல்இடி லைட்டுல எப்படி எடுக்கறது, கோடு கோடா விழும்". இது தான் என்னால ஒத்துக்க முடியல. அன்னைக்கே எந்திரிச்சு சொல்லியிருக்கணும், பெரியவங்க பேசிட்டு இருக்கீங்களேன்னு உக்காந்துட்டேன்.

கோடு விழுறது எப்படின்னு எனக்கு பட்டு தெரிஞ்சது. செவ்வாப்பேட்டை பக்கம் ஒரு மண்டபம், காலையில ஆறு மணி முகூர்த்தம், ஸ்டேஜுக்கு பின்னாடி பூ அலங்காரம் முழுக்க எல்இடி பட்டி. வீடியோல மந்திரம் கேக்கணும், கிளிக் சத்தம் வரக்கூடாதுன்னு வீட்டுக்காரங்க சொன்னதால பழைய பாடியில சைலண்ட் மோடு, அதாவது திரை அசையாம சென்சார் (படத்த பதியற சில்லு) மட்டும் வேலை செய்யுற எலக்ட்ரானிக் ஷட்டர், போட்டுட்டேன். தாலி கட்டுற அந்த ஏழெட்டு ஃப்ரேம்ல பொண்ணோட நெத்தியிலருந்து தாடை வரைக்கும் வெளிச்சம் இருட்டு வெளிச்சம் இருட்டுன்னு பட்டை பட்டையா. மாப்பிள்ளை கை, மஞ்ச கயிறு, முடிச்சு எல்லாம் செம ஷார்ப், ஆனா மூஞ்சியில பட்டை. அத ராத்திரி சிஸ்டத்துல போட்டு பாத்தப்ப எனக்கு வயிறு கலங்கிடுச்சுங்கண்ணா. எத்தனை மணி நேரம் எடிட் பண்ணியும் முழுசா போகல, கடைசியில கருப்பு வெள்ளையா மாத்தி ஆல்பத்துல வச்சேன், அந்த வீட்டு அம்மா "தாலி கட்டுறது மட்டும் ஏன் கலர் இல்ல"ன்னு கேட்டது இன்னும் காதுல நிக்குது.

ஆனா அந்த கோடு "ஷட்டர் இல்லாததால" வரல. சென்சார மேலருந்து கீழ படிச்சு முடிக்க அந்த பாடி எடுத்துக்கிட்ட நேரத்தால வந்துச்சு. நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சாதா எல்இடி அதுல செகண்டுக்கு 100 தடவ மினுக்கும், அதாவது ஒரு மினுக்கலுக்கு 10 மில்லிசெகண்ட். பழைய மாதிரி சென்சார் சிலதுல ஒரு ஃப்ரேம படிக்க 60 மில்லிசெகண்டுக்கு மேல ஆகும், அப்ப ஒரே போட்டோக்குள்ள ஆறு தடவ லைட்டு ஏறி இறங்கிடுது, அது தான் ஆறு பட்டை. இசட்8-ல எப்பவும் எலக்ட்ரானிக் ஷட்டர் தான், ஆனா அதுல இருக்கறது ஸ்டாக்டு சென்சார் (வேகமா படிக்கறதுக்கு சில்லுக்கு பின்னாடியே மெமரி அடுக்கி வச்சது), முழு ஃப்ரேமையும் 4 மில்லிசெகண்டுக்குள்ள படிச்சு முடிச்சிடும். நம்ம மெக்கானிக்கல் ஷட்டர் திரை மேலருந்து கீழ வர்ற நேரமும் சுமாரா அவ்ளோ தான்! ஃப்ளாஷ் சிங்க் ஸ்பீட (ஃப்ளாஷ் வெளிச்சம் முழு ஃப்ரேமுலயும் விழற அதிகபட்ச ஷட்டர் வேகம்) பாத்தாலே இது புரியும். இசட்8-க்கு 1/200 செகண்ட், ஃப்ளாஷ் பவர் கொஞ்சம் கொறஞ்சா பரவாயில்லன்னா 1/250 வரைக்கும் போகலாம். ஆர்5 மார்க் 2-ல மெக்கானிக்கல் ஷட்டருக்கு 1/200, எலக்ட்ரானிக் ஷட்டருக்கு 1/160. அதாவது எலக்ட்ரானிக்ல வச்சு பாத்தா நீங்க சந்தேகப்படுற இசட்8 தான் கேனன விட வேகமா படிக்குது. கேனன்ல மெக்கானிக்கல் ஷட்டரும் இருக்கு, அது ஒரு கூடுதல் வசதி, மறுக்கல. ஆனா சத்தம் வரக்கூடாதுன்னு வீட்டுக்காரங்க சொல்ற எடத்துல அத போட முடியாதுல்ல, அங்க எலக்ட்ரானிக் தான் பேசும்.

எல்இடி வால் (பெரிய எல்இடி ஸ்க்ரீன்) இருக்குற ஸ்டேஜுல ரெண்டு கேமராவுலயும் கோடு வரத்தான் செய்யும், அது வேற வேகத்துல மினுக்குற வகை. அதுக்கு ரெண்டுலயுமே ஹை ஃப்ரீக்வென்ஸி ஃப்ளிக்கர்னு ஒரு செட்டிங் இருக்கு, ஷட்டர் ஸ்பீட புள்ளிக்கு அப்புறம் ஒரு எண்ணு வரைக்கும் நகத்தி நகத்தி கோடு மறையற எடத்துல நிறுத்திக்கலாம். சாதா டியூப், பல்புக்கு 1/50 இல்ல 1/100-ல நின்னாலே பாதி பிரச்சினை தீந்துச்சு. இத நம்ம பசங்களுக்கு ஒரு நாள் உக்கார வச்சு சொல்லிக் கொடுத்தா எந்த பாடி வாங்குனாலும் உபயோகப்படும்.

இன்னொன்னு யோசிங்கண்ணா. பொது கேமரான்னா பல கை மாறும். ஒருத்தர் சீர் வரிசையில தொடங்கி ரிசப்ஷன் வரைக்கும் ஆயிரக்கணக்குல அடிச்சிட்டு வருவாரு, மறுநாள் இன்னொருத்தர் கையில போகும். மெக்கானிக்கல் ஷட்டர் தேயுற சாமான், எனக்கு வைகாசியில போனது அது தான். இசட்8-ல தேயறதுக்கு அந்த திரையே கிடையாது. நீங்க எத கொறைன்னு சொன்னீங்களோ அது பொது கேமராவுக்கு பெரிய வசதி.

சரி, லென்ஸுக்கு வருவோம். எனக்கு இது தான் எல்லாத்தவிட முக்கியமான வெசயம், கூட்டத்துல இதப் பத்தி யாருமே பேசல. பாடி சங்கத்தோடது, லென்ஸ் அவங்கவங்களோடது. நம்ம ஆளுங்க பையத் தொறந்து பாருங்க, பழைய கேனன் இஎஃப் (டிஎஸ்எல்ஆர் காலத்து லென்ஸ்) 24-70, 70-200 ஒரு பக்கம், சோனிக்கு மாறுன சின்ன பசங்க ஒரு பக்கம், நிக்கான் டி750 காலத்துலருந்து விடாம இருக்குற அண்ணன்கள் ஒரு பக்கம். ரெண்டு கேனன் பாடி வாங்கி வச்சா இஎஃப் லென்ஸ் காரங்களுக்கு அடாப்டர் (பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவுல மாட்டுற வளையம்) போட்டா பிரமாதமா ஓடும், ஆர்எஃப், அதான் கேனனோட புது லென்ஸ், காரங்களுக்கு சொல்லவே வேணாம். சோனி பசங்க என்ன பண்ணுவாங்க? லென்ஸ் மவுண்டுக்கும் சென்சாருக்கும் நடுவுல இருக்குற தூரம் சோனி இ மவுண்டுல 18 மில்லிமீட்டர், கேனன் ஆர்எஃப்ல 20, நிக்கான் இசட்ல 16. தூரம் கம்மியா இருக்குற பாடியில தான் அடாப்டர் வைக்க எடம் இருக்கும். அதனால சோனி லென்ஸ ரெண்டு மில்லிமீட்டர் மொத்தத்துல ஒரு அடாப்டர் போட்டு இசட்8-ல மாட்டலாம், ஆட்டோஃபோக்கஸும் வேலை செய்யும். கேனன் ஆர்5-ல அது முடியவே முடியாது. இஎஃப் லென்ஸ இசட்8-ல ஓட்டவும் அடாப்டர் கிடைக்குது. இதெல்லாம் வேற கம்பெனிக்காரன் பண்ணது, எல்லா லென்ஸும் ஒரே மாதிரி ஓடும்னு நான் அடிச்சு சொல்லமாட்டேன், கல்யாணத்துக்கு முன்னாடி போட்டு பாத்துக்கணும். நிக்கான் அண்ணன்களுக்கும் ஒரு வார்த்தை, எஃப்டிஇசட்ங்கற நிக்கான் அடாப்டர்ல உங்க ஏஎஃப்-எஸ் (உள்ளயே மோட்டார் இருக்குற) லென்ஸ் ஓடும், ஆனா மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி 80-200, 85 எல்லாம் கையால தான் ஃபோக்கஸ் பண்ணணும்.

கேனன் எங்க ஜெயிக்குதுன்னும் சொல்லிடறேன், ஒரு பக்கமா பேசுறேன்னு நெனச்சிடாதீங்க. வெயிட்டு. பேட்டரி கார்டோட ஆர்5 மார்க் 2 746 கிராம், இசட்8 910 கிராம். ஏற்காட்டுல ஒரு காஃபி எஸ்டேட்ல மார்கழி மாசம் நிச்சயதார்த்தம், ரெண்டு பாடியையும் வாடகைக்கு எடுத்துட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன், காலையிலருந்து சாயந்திரம் வரைக்கும் சரிவுல ஏறி இறங்கி எடுத்ததுல ராத்திரி இசட்8 புடிச்ச மணிக்கட்டு தான் வலிச்சுது. பொண்ணு ரூம்ல மேக்கப் எடுக்க என்னைய மாதிரி பொண்ணுங்கள தான் கூப்பிடுவாங்க, மணிக்கணக்கா ஒத்தை கையில புடிச்சிட்டு நிக்கறப்ப அந்த 160 கிராம் தெரியும். கண்ணு வச்சு பாக்குற வியூஃபைண்டரும் கேனன்ல 57.6 லட்சம் டாட் (புள்ளி ஜாஸ்தின்னா தெளிவு ஜாஸ்தி), நிக்கான்ல 36.9 லட்சம் தான். அப்புறம் ஆர்5 மார்க் 2-ல பொண்ணு மாப்பிள்ளை மூஞ்சிய முன்னாடியே பதிஞ்சு வச்சிடலாம், மாமன் சீர் கூட்டத்துல எத்தனை பேர் குறுக்க வந்தாலும் ஃபோக்கஸ் அவங்க மேலயே போகும், நம்ம ஊரு கல்யாணத்துக்குன்னே பண்ண மாதிரி இருக்கு. வ்யூஃபைண்டர்ல கண்ணு பாக்குற எடத்துக்கே ஃபோக்கஸ் போற வசதியும் உண்டு, ஆனா அதுக்கு ஒவ்வொருத்தரும் தன் கண்ணுக்கு காலிப்ரேட் பண்ணிக்கணும், பொது கேமராவுல அது எவ்ளோ தூரம் நடக்கும்னு பாருங்க. ரா ஃபைல்ல (RAW) செகண்டுக்கு 30 ஃப்ரேம் கேனன், இசட்8-ல 20 தான், 30 வேணும்னா ஜேபெக்ல தான். கல்யாணத்துக்கு இருபதே ஜாஸ்தி.

அன்னைக்கு எஸ்டேட்ல மூணு மணிக்கு மேல பனி எறங்கிடுச்சு, பத்தடி தள்ளி நிக்கற சில்வர் ஓக் மரம் தெரியல. ரெண்டு கேமராவும் பொண்ணோட கண்ண விடவே இல்ல, அதுல வித்தியாசம் கண்டுபுடிக்க நான் ரொம்ப முயற்சி பண்ணேன், முடியல. கலர்ல மட்டும் கேனன்ல தோல் நிறம் எனக்கு அப்படியே புடிச்சுது, நிக்கான் பச்சையும் பனியும் நல்லா வச்சுது. இது என் கண்ணு.

பேட்டரி பத்தியும் கணக்குல எடுங்க. ஆர்5 மார்க் 2-க்கு புது எல்பி-இ6பி பேட்டரி, பழைய எல்பி-இ6என்ஹெச் போட்டாலும் ஓடும் ஆனா சில வசதி கொறஞ்சிடும். பாடி வாங்கறப்ப கூட ரெண்டு மூணு புது பேட்டரிக்கும் காசு ஒதுக்கணும். கார்டு ரெண்டுக்கும் ஒரே கதை தான், ஒரு ஸ்லாட் சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பி, ஒன்னு எஸ்டி. ஆக ஒரே கார்டு செட் ரெண்டுக்கும் போதும், ரெண்டும் ஒரே கம்பெனியா இருந்தா தான் வசதின்னு கூட்டத்துல சொன்ன வாதமும் கார்டு வெசயத்துல அடிபட்டு போச்சு.

அதனால கேக்கறது இவ்ளோ தாங்கண்ணா: ரெண்டு கேனனுக்கு பதிலா ஒரு ஆர்5 மார்க் 2, ஒரு இசட்8, கூட இஎஃப் அடாப்டர், எஃப்டிஇசட், சோனி லென்ஸுக்கு ஒரு அடாப்டர். சோனி பசங்களும் சந்தா கட்டறாங்க, அவங்க வீட்டு முகூர்த்தமும் முகூர்த்தம் தான்.

என் வார்த்தைய நம்பி முடிவு பண்ண வேணாம். ஆர்டர் போடறத ஒரு வாரம் தள்ளி வைங்க. ரெண்டு பாடியையும் வாடகைக்கு நானே எடுத்துட்டு வர்றேன், காசு சங்கத்துல கேக்க மாட்டேன். கல்யாணம் இல்லாத ஒரு நாள் பாத்து அந்த செவ்வாப்பேட்டை மண்டபத்துலயே பேசிட்டேன், ஸ்டேஜ் லைட்டு எல்லாத்தையும் போட்டு விடறேன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு. தலைவர் அண்ணன் தன்னோட பழைய 70-200 கொண்டு வரணும், சோனி பசங்க அவங்க லென்ஸ். பொண்ணு நிக்கற எடத்துல யாராச்சும் நின்னா போதும், ரெண்டுலயும் சைலண்ட்ல எடுத்து லேப்டாப்ல பெருசு பண்ணி எல்லாரும் சேந்தே பாக்கலாம். எந்த கிழமை தோதுப்படும்னு மட்டும் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க சங்கத்து உறுப்பினர், அம்மாப்பேட்டை, சேலம்